ஓடும் மேசையும் நிற்கும் இழைப்புளியும்

கருங்கல்மேட்டில் மூன்று தச்சர்கள் இருந்தார்கள் என்று சொன்னால் உளியே கோபித்துக்கொள்ளும். ஆனாலும் பட்டறை போர்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. மூத்தவர் நாச்சிமுத்து மேஸ்திரி. மற்ற இருவர் கிட்டானும் மயில்சாமியும்.

ஒருநாள் ஐ.டி.ஐ.யில் மரவேலை சொல்லித்தரும் ஆறுச்சாமி வாத்தியார் வந்தார். பையன்கள் இழைக்கவும் அறுக்கவும் சக்கரம் வைத்த மேசை வேண்டுமாம், எங்கே வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. முதலில் ஒன்று. அது சரியாக வந்தால் இன்னும் பதினொன்று. சக்கரங்களை அவரே கொடுத்துவிட்டுப் போனார்.

மேஸ்திரிக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம். இந்த வேலையும் கைவிட்டுப் போனால் மச்சினனின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கத்தான் போகவேண்டும் என்று சம்சாரம் கறாராகச் சொல்லியிருந்தாள். அவருக்குக் கோழி என்றாலே தொடை நடுங்கும்.

மூன்றே நாளில் மேசை தயார். மேலே ஒரு பலகையை இறுக்கி, மேஸ்திரி இழைப்புளியை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். மேசை புறப்பட்டுவிட்டது. அவரும் விடவில்லை. வாசலைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, மாரியம்மன் கோயில் வரைக்கும் இழைத்துக்கொண்டே போனார். திரும்பி வந்து பார்த்தால் பலகையில் ஒரு சுருள்கூட உதிரவில்லை.

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். அரைமணி கழித்துக் கிட்டான் தொண்டையைச் செருமினான்.

“ஏனுங் மேஸ்திரி, ஓடறதுக்குன்னே பொறந்த மேசை. அதைய எதுக்குத் தடுக்கோணும்? மேசை ஓடட்டும். இழைப்புளி நிக்கட்டும்.”

மேஸ்திரி அவனைக் கும்பிடாத குறை. முற்றத்து வேப்பமரத்தில் மேசை உயரத்துக்கு இழைப்புளியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். மேசையை முன்னும் பின்னும் தள்ளினார்கள். பலகை வழவழவென்று இழைந்து வந்தது, என்ன செய்ய. அந்தச் சந்தோஷத்தில் ரம்பத்தையும் கட்டினார்கள். ஆணி அடிப்பதுதான் கொஞ்சம் சிரமம். சுத்தியலை மரத்தில் கட்டிவிட்டு, பலகை ஓரத்தில் ஆணியைக் குத்தி, இருபதடி தூரத்திலிருந்து மேசையோடு ஓடிவந்து மோதவேண்டியிருந்தது. ஒரு ஆணிக்கு ஒன்பது மோதல். மயில்சாமிக்கு ஒரு பல் நஷ்டம்.

நாலாம் நாள் வாத்தியார் வந்து பார்த்தார். பிறகு நாலு சக்கரத்தின் ஓரத்திலும் இருந்த சின்னத் தகடுகளைக் காலால் மிதித்தார். மேசை பாறை மாதிரி நின்றது.

“இதுக்குப் பேர் பிரேக். வேலை செய்யும்போது நாலையும் மிதிச்சு வெச்சிரணும். மேசை அசையவே கூடாது. டீ குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள இன்னொரு பலகையை இழைச்சு வெச்சிருந்தா பதினொண்ணும் உங்களுக்குத்தான்.”

அவர் போனதும் புதுப் பலகையை இறுக்கி, நாலு பிரேக்கையும் மிதித்தார்கள். மேசை அசையவில்லை. மரத்தில் கட்டிய இழைப்புளியும் அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினார்கள், கயிறு போட்டு இழுத்தார்கள். மேஸ்திரியின் காதில் கொக்கொக்கென்று ஒரே சத்தம்.

மயில்சாமி மெதுவாகச் சொன்னான். “மேசை நிக்கோணும்னு வாத்தியாரே சொல்லிட்டாருங். இழைப்புளி மரத்தோட சேந்தது. அப்ப நகர வேண்டியது யாருங்?”

மூவரும் ஒரே நேரத்தில் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

வாத்தியார் திரும்பி வந்தபோது கிட்டானும் மயில்சாமியும் மண்வெட்டியால் வேரைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அடிமரத்தைக் கட்டிப்பிடித்து அளவெடுத்துக்கொண்டே, நிம்மதியான முகத்தோடு கேட்டார்:

“சார், இன்னொரு நாலு சக்கரம் கிடைக்குங்ளா? பிரேக் இல்லாததாப் பாத்துக் குடுங்க.”