ஐந்து நட்சத்திரம் வாங்கிய அழுங்கு

நாவலேரியின் கரையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் புதிதாகச் சேர்ந்தது வடிவு என்ற அழுங்கு. எறும்பு தின்னும் பிராணி; உடம்பெல்லாம் செதில், கையெல்லாம் நகம். மண்ணைத் தோண்டுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் தோண்டத் தெரிந்த அளவுக்கு அதற்கு அடைக்கத் தெரியாது.

“அதுக்கெல்லாம் கவலைப்படாதே. பாடம் முழுக்கக் கைபேசியிலேயே இருக்கு” என்றது கரைக்குழுவின் தலைவரான கதிரேசன் குரங்கு.

கரையில் வேலை செய்கிறவர்களுக்காகக் கதிரேசன் கைபேசியில் ஒரு குழு வைத்திருந்தது. வாரம் ஒரு காணொளி போடும். பார்த்து முடித்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். ‘கசிவை அடைப்பது எப்படி?’ என்ற காணொளிக்கு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு இதயங்கள் விழுந்திருந்தன. பின்னணி இசையெல்லாம் உண்டு. துளைக்குள் வைக்கோலைத் திணித்து, மேலே மண்ணைப் பூசி, வாலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கதிரேசன் சிரிக்கும்.

வடிவு அதை நான்கு முறை பார்த்தது. ஐந்தே வாரத்தில் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டது.

அந்தக் குழுவில் சடையன் என்ற நண்டும் இருந்தது. கரையில் அதற்குத் தெரியாத துளை இல்லை. ஆனால் கொடுக்கு நுனியால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட வேண்டும். யாராவது சந்தேகம் கேட்டால், அது பதிலை எழுதி முடிப்பதற்குள் பேச்சு யாருடைய பிறந்தநாளுக்கோ போயிருக்கும். அதனால் பாதியிலேயே அழித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. ஏரி நிரம்பித் தளும்பியது. நாலாம் நாள் மதியம் வடிவு கரையைச் சுற்றி வந்தபோது, வெளிச்சரிவில் விரல் பருமனுக்குத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சற்றுக் கீழே கோரைப்புல்லுக்குள் ஒரு நீர்க்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“என்ன வடிவு, ஏதாவது பயமா?” என்று கேட்டது நீர்க்கோழி.

“இல்லை, இதோ அடைச்சிடறேன்” என்றது வடிவு.

வைக்கோலைத் திணித்தது. மண்ணைப் பூசியது. வாலால் இரண்டு தட்டுத் தட்டியது. தண்ணீர் நின்றது. வடிவுக்கு ஒரே பெருமை.

பெருமை அடங்குவதற்குள் இரண்டு முழம் தள்ளி இன்னொரு துளை திறந்தது. அதையும் அடைத்தது. மூன்றாவதாக ஒன்று திறந்தது. இம்முறை தண்ணீர் கலங்கலாக, கை பருமனுக்கு வந்தது.

வடிவு கதிரேசனைக் கூப்பிட்டது. “நீங்க காட்டின மாதிரியேதான் செஞ்சேன். நிக்கமாட்டேங்குது.”

கதிரேசன், “இன்னும் கொஞ்சம் வைக்கோல் போட்டுப் பாரு. குழுவில மட்டும் போட்டுடாதே. ஐந்து நட்சத்திரம் வாங்கின உனக்கே அடைக்க வரலைன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க?” என்றது.

வடிவுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. நட்சத்திரம் வாங்கிய அன்று எல்லோரும் வாழ்த்தியிருந்தார்கள். ஆனால் கீழே நீர்க்கோழி கூட்டை விட்டு எழுந்து நின்றிருந்தது. அதன் காலடி நனைந்திருந்தது.

வடிவு மூன்று துளைகளையும் படம் பிடித்தது. குழுவில் போட்டது. கீழே இப்படி எழுதியது: ‘காணொளியில் பார்த்தபடி அடைத்தேன். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.’

‘சடையன் எழுதுகிறார்’ என்று மட்டும் திரையில் வந்தது. வந்தபடியே இருந்தது. வடிவு உடனே, ‘சடையண்ணே, எழுத வேண்டாம். ஒலிவாங்கிப் படத்தை அழுத்திக்கிட்டே பேசுங்க’ என்று எழுதியது.

கொஞ்ச நேரத்தில் நண்டின் கரகரத்த குரல் வந்தது.

“வெளியே அடைச்சுப் புண்ணியம் இல்லை வடிவு. தண்ணி நுழையற வாய் ஏரிக்குள்ள இருக்கு. கலங்கலா வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். நேர் எதிரே, ஏரிப் பக்கம், தண்ணி மேல உமியைத் தூவிப் பாரு. எங்கே சுத்திக்கிட்டு உள்ளே போகுதோ அங்கேதான் வாய். களிமண்ணைப் புல்லோட பிசைஞ்சு உருண்டை பண்ணி வை. நீலாவைக் கூட்டிக்கிட்டு நானும் வரேன்.”

நீலா அந்தக் குழுவின் நீர்நாய். இருவரும் வந்து சேர்வதற்குள் வடிவு உமியைத் தூவியிருந்தது. ஓரிடத்தில் உமி சுழன்று சுழன்று கீழே இறங்கியது. நீலா மூழ்கி முதல் உருண்டையை வைத்தது. சடையன் தண்ணீருக்கடியில் கொடுக்கால் அழுத்தி இறுக்கியது. வடிவு மேலே பிசைந்து பிசைந்து கொடுத்தது. பதினாறாவது உருண்டைக்கு வெளியே கசிவு சொட்டாகக் குறைந்தது. பிறகு அதுவும் நின்றது.

நீர்க்கோழி மறுபடி முட்டைகள் மேல் உட்கார்ந்தது. முட்டைகள் நனையவில்லை.

அதற்குள் குழுவில் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்திருந்தார்கள். ‘எனக்கும் போன மழையில் இப்படித்தான் ஆச்சு’ என்றது கீரி. ‘நானும் கேட்க வெட்கப்பட்டுக்கிட்டு விட்டுட்டேன்’ என்றது முயல்.

கதிரேசன் கரைக்கு வந்து தலையைச் சொறிந்தது. “உள்ளதைச் சொல்லிடறேன். நான் அந்தக் காணொளியைக் கோடையில எடுத்தேன். அப்போ ஏரியில சொட்டுத் தண்ணி இல்லை.”

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிரேசனும் சேர்ந்து சிரித்தது.

“படம் எடுக்க உங்களை விட்டா ஆள் இல்லை. சடையண்ணன் வேலை செய்யறப்போ வந்து எடுங்க. தப்பா போனதையும் சேர்த்தே போடுங்க” என்றது வடிவு.

அப்படியே நடந்தது. அடுத்த வாரக் காணொளியில் இசை இல்லை. நண்டின் குரலும் தண்ணீர்ச் சத்தமும்தான் இருந்தன. அதற்கு ஒன்பதே இதயங்கள் விழுந்தன. ஆனால் அதன் கீழே முப்பது கேள்விகள் வந்தன. சடையன் ஒவ்வொன்றுக்கும் பேசிப் பேசியே பதில் அனுப்பியது. அந்த மழைக்காலம் முழுக்க, கசிவு வந்தபோதெல்லாம் ஆளுக்கொரு உருண்டையோடு வந்து அடைத்தார்கள்.

பார்த்துப் பாராட்டுவதால் மட்டும் வேலை வந்துவிடாது. தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்டு, செய்து பார்க்கிறவருக்கே அது கைவரும்.