கடைசி வரியில் ஒரு முகவரி

பார்வையற்றவர்களுக்குத் தமிழ்ப் பக்கங்களை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை ஒரு குழு செய்துவந்தது. விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அப்படித் திருத்துகிறவர்கள் ஒருவரையொருவர் குதறிக்கொள்ளாமல் இருக்க, ஜெசிந்தா ஒரு பக்கத்துக்கு நடத்தை விதிகள் எழுதிவைத்திருந்தார். புதிதாக வந்தவரைக் கேலி செய்யக் கூடாது, பிழையைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது, இப்படி. கடைசி வரியில், மனம் நொந்தவர்கள் எழுத ஒரு மின்னஞ்சல் முகவரி.

எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்திராத ஜெசிந்தாவைக் குழுவில் எல்லோரும் டீச்சர் என்றார்கள். அவரைவிட ஒன்பது வயது மூத்த நாச்சியப்பனும் அப்படித்தான் கூப்பிட்டார். கற்றதெல்லாம் அவரிடம்தான்.

அந்த வருஷம் டீச்சருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று.

"அந்த முகவரிக்கு வர்றதை இனிமே நீங்க பாத்துக்கறீங்களாண்ணே?"

நாச்சியப்பன் பிடிகொடுக்கவில்லை. ஆபீஸ் முடிந்து வந்து அடுத்தவர் சண்டையை உட்கார்ந்து படிப்பதா? இத்தனை வருஷமாகச் சொல்லி யார் திருந்தினார்கள்? அந்த விதிகள் எங்கும் பரவவில்லை என்றால் இப்போதே கையைக் கழுவிவிடலாம்.

அளந்து பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். இணையத்தில் திறந்து வைத்திருக்கிற மென்பொருள்களையெல்லாம் துழாவி, டீச்சரின் விதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணச் சின்னதாக ஒரு நிரல் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே குழு கூடுகிற அறை. அன்றைக்கு இவர்கள் இருவர்தான் வந்திருந்தார்கள். நாச்சியப்பன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"முந்நூறு குழுவுக்கு மேல, டீச்சர். யாரும் நம்மளைக் கேக்கலை. அவங்களா எடுத்து வச்சிருக்காங்க. நான்கூட என்னமோ நினைச்சேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"கடைசி வரில யார் முகவரி இருக்குண்ணே?"

நாச்சியப்பன் ஒன்றைத் திறந்தார். நம் முகவரி. இன்னொன்று. அதிலும் நம் முகவரி. வரிசையாகத் திறந்துகொண்டே போனார். முகம் தொங்கிவிட்டது.

"படிக்கக்கூட இல்லையே! பொங்கல் வாழ்த்தை ஃபார்வர்டு பண்ற மாதிரி அப்படியே ஒட்டியிருக்கானுங்க."

"ம்."

"அப்ப அங்க யாருக்காவது ஒண்ணுன்னா?"

டீச்சர் தம் கணினியில் அஞ்சல் பெட்டியைத் திறந்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

வரைபடம் செய்கிற ஒரு குழு. கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி அனுப்பிய திருத்தத்துக்குக் கீழே, மூத்தவர் ஒருவர் 'போய் ரசம் வைக்கக் கத்துக்கோ' என்று எழுதியிருந்தார். வேறொரு குழுவில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் தமிழைப் பார்த்துச் சிரித்திருந்தார்கள். இன்னும் நிறைய. எதுவுமே இந்தக் குழு விவகாரம் இல்லை. எல்லாவற்றுக்கும் டீச்சர் பதில் எழுதியிருந்தார். அந்தந்தக் குழுவை நடத்துகிறவர்களுக்கும் எழுதியிருந்தார். பதில் வராத இடத்துக்கு மறுபடியும்.

"ஊர் பஞ்சாயத்து பூராவும் உங்க தலைலயா? இது நாங்க இல்லை, தப்பா வந்திருக்குன்னு ஒரு வரில முடிச்சிருக்கலாமே."

"முகவரி நம்மளதுதானேண்ணே."

நாச்சியப்பன் தம் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இந்த வரைபடக் குழு என் கணக்கில வரவே இல்லையே?"

தேடிப் போய் அவர்கள் பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் விதிகள் இருந்தன. ஆனால் வாசகம் வேறு. முன்பு ஒட்டியிருந்ததை எடுத்துவிட்டு அவர்களே உட்கார்ந்து எழுதியது. கடைசி வரியில் அவர்கள் முகவரி. பொறுப்பு என்ற இடத்தில் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணின் பெயர்.

"நம்மளைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே, டீச்சர்."

"இல்லை."

"அப்ப நான் எண்ணினதெல்லாம்?"

"இன்னும் போய்ச் சேராத இடம்."

கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"போய்ச் சேர்ந்த இடத்தை எப்படி எண்றது?"

"அங்கேருந்து மெயில் வர்றது நின்னுடும்."

"வெறுத்துப்போய் விட்டுட்டுப் போனவங்ககிட்டேருந்தும் நின்னுடுமே."



"ஆமாண்ணே. ரெண்டும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும்."

பெட்டியில் புதிதாக ஒன்று வந்து விழுந்தது. இருவரும் கேள்விப்படாத ஒரு குழு. டீச்சர் எழுந்திருக்கவில்லை, நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

நாச்சியப்பன் தம் மடிக்கணினியை மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டு டீச்சரின் கணினி முன்னால் உட்கார்ந்தார். வந்ததைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"மொத வரி என்ன எழுதறது, டீச்சர்?"

கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது.

"வந்து சேர்ந்துச்சுன்னு எழுதுங்க."