கொக்கு பாராட்டிய சங்கம்

ஆவாரங்குளத்தில் மாயக்கா என்றொரு அயிரை மீன் இருந்தாள். விரல் நீளம்தான் இருப்பாள். குரலோ குளத்தின் மறுகரை வரை கேட்கும். சேற்று மீன்கள் சங்கத்தின் கரையோரக் கிளைக்கு அவள்தான் செயலாளர்.

அந்தச் சங்கம் பிறந்த கதை எல்லா மீன்களுக்கும் தெரியும். வெள்ளையப்பன் என்ற கொக்கு தினமும் கரையோரம் வந்து நிற்கும். குனியும், கொத்தும், விழுங்கும். சின்ன மீன்கள் அழுவதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை. அப்போதுதான் கொம்பையா என்ற கெளுத்தி மீன் ஒரு வழி சொன்னார்.

"கொக்கின் நிழல் விழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாலால் சேற்றை அடியுங்கள்! தண்ணீர் கலங்கினால் அதற்குக் கண் தெரியாது!"

ஒரு வால் அடித்தால் உள்ளங்கை அளவு சேறுதான் கிளம்பும். நூறு வால் அடித்தபோது கரையோரம் முழுவதும் கேழ்வரகுக் கூழாகிவிட்டது. அன்று வெள்ளையப்பனுக்குக் கிடைத்தது ஒரு வாய் சேறு. "ஒரு வால் அடித்தால் எல்லா வாலும் அடிக்கும்!" என்று மீன்கள் முழங்கின. சங்கம் வளர்ந்தது. கொம்பையா குளத்துக்கே தலைவரானார்.

தலைவரானவர் கரையோரத்தில் இருந்தால் நன்றாகவா இருக்கும்? நடுக்குளத்து மடுவுக்குக் குடிபோனார். அங்கே பெரிய பெரிய கெண்டைகள் வாழ்ந்தன. அந்த ஆழத்துக்கு எந்தக் கொக்கின் அலகும் எட்டாது.

"தலைவரே, அடிக்கடி சேறு கலங்கி எங்க கண்ணெல்லாம் எரியுது. பார்க்கவும் அசிங்கமா இருக்கு. கொஞ்சம் குறைச்சுக்கச் சொன்னா என்ன?" என்று கெண்டைகள் கேட்டன.

தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அடுத்த தேர்தலில் கெண்டைகளின் ஆதரவும் கிடைத்தால் நல்லதுதானே!

முதலில், அனுமதி பெற்றுத்தான் சேறு கலக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பிறகு, முறை வைத்து ஆளுக்கு ஒரு அடி என்றார்கள். கடைசியில், ஆண்டுக்கு ஒருமுறை, சங்கம் பிறந்த நாளில், தலைவர் மட்டும் ஒரே ஒரு தடவை வாலால் தட்டுவார், மற்றவர்கள் வாழ்க சொன்னால் போதும் என்றாகிவிட்டது.

குளம் பளிங்குபோல் தெளிந்தது. வெள்ளையப்பன் ஒற்றைக் காலில் நின்று உருகியது.

"அடடா! இப்படிப் பொறுப்பான தலைவரை நான் எந்தக் குளத்திலும் பார்த்ததில்லை!"

இந்தப் பாராட்டைக் கிளைக்கூட்டத்தில் நாலு தடவை சொல்லிப் பூரித்துப் போனாள் மாயக்கா. பக்கத்து வளையிலிருந்து இருளப்பன் நண்டு எட்டிப் பார்த்தான்.

"யக்கா, உங்க சங்கம் கொள்கையைக் கைகழுவிட்டதா ஊரே பேசுதே?"

"வாய் கூசாம பேசாதடா! எங்க கொடியில இன்னும் சேத்து நிறம்தான் இருக்கு. அதே முழக்கம்தான் முழங்குறோம். எதைக் கைகழுவினோம்?"

"சரிக்கா. அப்போ கொக்கு எதுக்கு இம்புட்டு சந்தோஷமா இருக்கு?"

மாயக்காவுக்குச் சுருக்கென்றது. அவனை இன்னும் இரண்டு திட்டு திட்டிவிட்டு வந்தாள்.

ஆனால் கிளைக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் வாரத்துக்கு வாரம் குறைந்தார்கள். "அவர்கள் முன்னேறி ஆழத்துக்குப் போய்விட்டார்கள்" என்று தலைமை விளக்கம் சொன்னது. மாயக்கா அதையும் நம்பினாள். அந்த வருடம் அவளுக்குக் குஞ்சுகள் பொரித்தன. கண்ணாடித் தண்ணீரில் கரையோரம் அவை துள்ளுவதைப் பார்த்தபோதுதான், கொக்கின் கண்ணுக்கும் அவை இப்படியே தெரியும் என்று அவளுக்கு உறைத்தது. நேராக மடுவுக்குப் போனாள்.

"தலைவரே, பிள்ளைங்க இருக்கு. கரையோரத்துல தினமும் ஒரு தடவையாவது கலக்க அனுமதி கொடுங்க!"

தலைவர் மேடைக்குரலில் சொன்னார்: "தோழர் மாயக்கா! கொள்கை நம் இதயத்தில் இருக்கிறது. அது வாலில் எதற்கு?"

கெண்டைகள் கைதட்டாத குறைதான். மாயக்கா கரையோரத்துக்கே திரும்பினாள்.

சங்கத்தின் பிறந்த நாள் வந்தது. விழா கரையோரத்தில்தான். தலைவர் படைபரிவாரத்தோடு வந்து இறங்கினார். மடுவின் சாப்பாட்டில் பூசணிக்காய்போல் உருண்டிருந்தார். சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? சாட்சாத் வெள்ளையப்பனேதான்!

"தோழர்களே! நாம் வந்த பாதையை மறக்க மாட்டோம்..." என்று தலைவர் தொடங்கினார்.

மாயக்காவின் காதில் எதுவும் விழவில்லை. அவள் கொக்கின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெல்ல வளைந்தது. கண் அவளுடைய குஞ்சுகள் மேல் நின்றது.

அனுமதி கேட்க நேரமில்லை. மாயக்கா பாய்ந்து வாலால் ஓங்கி அடித்தாள்.

"ஒரு வால் அடிச்சா...!" என்று கத்தினாள்.

யாரும் அசையவில்லை. எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஒழுங்கு, தோழரே! ஒழுங்கு! விழாவைக் குலைக்காதீர்கள்!" என்று தலைவர் அதட்டினார்.

மாயக்கா கிளப்பியது உள்ளங்கை அளவு சேறுதான். ஆனால் அவள் குஞ்சுகள் மறைய அது போதுமாக இருந்தது. கொக்கு ஏமாந்து சுற்றிப் பார்த்தது. எதிரே, தெளிந்த தண்ணீரில், கொழுகொழுவென்று நின்றவர் தலைவர் ஒருவர்தான். சடாரென்று குனிந்து அவர் மீசையைக் கவ்வியது!

"ஐயோ! சேறு! சேறு! அடிங்கடா! எல்லாரும் அடிங்கடா!"

மேடைக்குரல் எங்கே போனதோ!

மாயக்காவுக்கு ஒரு நொடி ஆத்திரம் பொங்கியது. போகட்டும் என்று விட்டுவிட நினைத்தாள். மறுநொடியே, "...எல்லா வாலும் அடிக்கும்!" என்று முழக்கத்தின் மீதியைச் சொல்லிவிட்டாள். அத்தனை வாலும் ஒன்றாக அடித்தன. குளம் பழையபடி கூழானது. கொக்கு கண்ணில் சேறு அப்ப அலகைத் திறந்தது. தலைவர் அரை மீசையோடு தப்பினார்.

மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"பார்த்தீர்களா! சங்கம் கொள்கையைக் கைவிடவே இல்லை!"

"சங்கம் கைவிடல தலைவரே, நீங்கதான் விட்டீங்க. இனிமே சங்க ஆபீஸ் இங்கதான். நீங்களும் எங்க கூடக் கரையோரத்துலயே இருங்க. நிழல் விழுந்தா உங்களுக்கும் கொள்கை தன்னால ஞாபகம் வரும்" என்றாள் மாயக்கா.

கிளை மொத்தமும் "ஆமா! ஆமா!" என்றது. தலைவர் இருந்த பாதி மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். மடுவுக்குள் கெண்டைகள் முணுமுணுத்தன.

வெள்ளையப்பன் சிறகை உதறிக்கொண்டு கிளம்பியது. "சீச்சீ! இந்தக் குளம் உருப்படவே உருப்படாது! பொறுப்பில்லாத கூட்டம்!" என்று திட்டிக்கொண்டே பறந்தது.

அந்தத் திட்டைக் கேட்டு மாயக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கலங்கிய தண்ணீருக்குள் குஞ்சுகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் வாலடிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

நம்மை விழுங்க நிற்பவனே நம்மைப் பாராட்டத் தொடங்கினால், நாம் எதைக் கைவிட்டோம் என்று அன்றைக்கே தேடிப் பார்த்துவிட வேண்டும்.