மீதி நாலு சதவீதம்

கொள்ளிடத்துப் படுகையில் வருடம் தவறாமல் வெள்ளம் வரும். படுகைச் சனமும் வருடம் தவறாமல் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஊராட்சிப் பள்ளிக்கு ஓடும். இந்த ஓட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கரைமேட்டு மடம் ஒரு வெள்ளக்கூடம் கட்டத் தொடங்கியது. பன்னிரண்டடி உயரத் தூண்கள், அவற்றின் மேல் ஒரு பெரிய கூடம். தண்ணீர் கீழே போகும், சனம் மேலே இருக்கும்.

பொறுப்பு மாசிலாமணியிடம். முப்பது வருடம் ஓவர்சியராக இருந்து, ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்து சீடரானவர். மடத்துத் தலைவர் சுந்தர அடிகளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காவி உடுத்திய பிறகும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எண்கள் மேலிருந்த ஆசையும் போகவில்லை.

கட்டட வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார். மொத்த வேலையையும் நூறாக வைத்து, தூணுக்கு இத்தனை, தளத்துக்கு இத்தனை, சுவருக்கு இத்தனை என்று பிரித்தார். தினமும் மாலையில் கூட்டிப் பார்த்து, எவ்வளவு முடிந்தது என்று சாக்பீஸால் எழுதுவார். படுகைச் சனம் நின்று படித்துவிட்டுப் போகும். படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். எண் ஏறாத நாளில் மாசிலாமணிக்குச் சோறு இறங்காது. அதனால் எந்த வேலையைத் தொட்டால் எண் வேகமாக ஏறுமோ, அதையே முதலில் தொட்டார்.

மூன்று மாத யாத்திரை முடிந்து அடிகள் திரும்பியபோது தீபாவளி கழிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நேரே கூடத்துக்கு வந்தார். பலகையில் தொண்ணூற்றாறு. கூடம் புது வெள்ளையில் பளிச்சென்று நின்றது.

அடிகள் ஒரு சுற்று வந்தார். என்னவோ விட்டுப்போனதுபோல் இன்னொரு சுற்றும் வந்தார்.

“படி எங்க?”

“படிக்கு நூத்துல நாலுதான் சாமி” என்றார் மாசிலாமணி உற்சாகமாக. “கலவை மிஷின் நிக்க அந்த இடம் வேணும்னு கடைசிக்கு வச்சுட்டேன். மேஸ்திரி தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்காரு. வந்தா பத்து நாள் வேலை.”

“சாரம்?”

“வெள்ளையடிச்சு முடிஞ்சுது, பிரிச்சுட்டோம். கட்டையெல்லாம் வாடகைக்காரர் ஏத்திக்கிட்டுப் போய் ஒரு வாரமாச்சு. பார்வைக்கு நல்லாருக்கணும்ல?”

“நீங்க எப்படி மேல போறீங்க?”

“மூங்கில் ஏணி இருக்கே.”

அடிகள் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பலகையிலிருந்த தொண்ணூற்றாறை அழுத்தித் துடைத்தார். சாக்பீஸை வாங்கி அந்த இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டார்.

மாசிலாமணிக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

“பூஜ்யமா? எட்டு மாசம் சாமி! நீங்க யாத்திரை போனப்ப நான் இந்த மணல்லதான் நின்னேன். காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்ல. தூண் நிக்குது, தளம் நிக்குது, சுவர் நிக்குது. உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

சீடர் குருவிடம் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் பேசினார். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“தெரியுது. நல்லாத்தான் நிக்குது.”

“அப்ப எதை வச்சு அளக்கச் சொல்றீங்க? முப்பது வருஷம் இப்படித்தான் அளந்தேன். ஒருத்தன் குறை சொன்னதில்ல. வேற அளவு இருந்தா சொல்லுங்க, மாத்திக்கறேன்.”

அடிகள் பலகையை விட்டுத் திரும்பினார். மடத்து ஆட்களைக் கூப்பிட்டார்.

“ஊருக்குள்ள எத்தனை ஏணி, எத்தனை கயிறு இருக்கோ அத்தனையும் கொண்டாங்க. மேல அணையில தண்ணி திறந்துட்டாங்களாம்.”

ஊரையே புரட்டியும் இன்னும் ஒரே ஓர் ஏணிதான் கிடைத்தது. மாசிலாமணி அன்று அடிகளிடம் பேசவில்லை. படுத்தும் தூக்கம் வரவில்லை. அந்தப் பூஜ்யத்தை நினைத்து மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தார்; தொண்ணூற்றாறுதான் வந்தது.

காலையில் சனம் வந்தது. இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை, கையில் ஆட்டுக்கயிறு. முன்னால் வந்தவள் பவளக்கொடி. படுகைப் பெண்களில் வாய்க்குப் பேர்போனவள்.

“பள்ளிக்கூடத்துக்குப் போகாம ஏன் இங்க வர்றீங்க?” மாசிலாமணி கத்தினார். “இங்க இன்னும் முடியல!”

“பள்ளிக்கூடத்துல தலைக்கு மேல வானம்தான் இருக்கு. ஓடு மாத்தணும்னு கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க.”

“யாரு பிரிச்சா? மழைக்காலத்துலயா பிரிப்பாங்க?”

“ஊராட்சித் தலைவர்தான். உங்க பலகையைப் பாத்துட்டுத்தான் பிரிச்சாரு. கூடந்தான் தொண்ணூறு தாண்டிருச்சே, சனம் இந்த வருசம் அங்க போயிரும், பள்ளிக்கூடம் சும்மாத்தான் கெடக்கும்னாரு.” அவள் கூடத்தை அண்ணாந்து பார்த்தாள். சுற்றுமுற்றும் தேடினாள். “எங்கேய்யா ஏறறது?”

மாசிலாமணி ஏணிகளைக் காட்டினார்.

பவளக்கொடி அவரையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வெடித்தாள்.

“தொண்ணூத்தாறுன்னு கொட்டை எழுத்துல எழுதினீங்களே, படி இல்லேன்னு ஒரு வரி எழுதக் கை வரலையா? நாங்க என்ன குருவியா, பறந்து போயி உக்கார?”

நல்ல கேள்விதான். பதில் சொல்ல நேரமில்லை என்பது மாசிலாமணிக்கு வசதியாகப் போயிற்று. காலடியில் தண்ணீர் ஊர ஆரம்பித்திருந்தது.

ஏற்றினார்கள். குழந்தைகளைச் சேலையில் முடிந்து மேலே இழுத்தார்கள். நிறைமாதக்காரி ஒருத்தியைப் பின்னால் இருவர் தாங்க, முன்னால் அடிகள் கை கொடுத்தார். மாசிலாமணி கிழங்கட்டைகளை முதுகில் சுமந்து ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஏணி கொடுத்தவனைத் திட்டினார், மேஸ்திரியைத் திட்டினார், கூரையைப் பிரித்த ஊராட்சித் தலைவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். பன்னிரண்டடி இவ்வளவு உயரம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

பவளக்கொடியின் புருஷன் முத்தழகு கடைசியாக வந்தான். கனத்த உடம்பு. சர்க்கரை வியாதியில் ஒரு காலை முட்டிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இருவர் தாங்கி ஏற்றியபோது ஏணியின் மூன்றாவது படி முறிந்தது. மூவரும் சேற்றில் விழுந்தார்கள். மற்ற ஏணியில் ஏற்றலாமென்றால் அது ஏற்கெனவே கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. அதுவும் போனால் யாருக்கும் வழியில்லை.

“என்னை விடுங்க” என்றான் முத்தழகு. “மத்தவங்களைப் பாருங்க.”

தூணோரம் நின்ற டிராக்டர் டிரெய்லரில் அவனை உட்கார வைத்தார்கள்.

நடுப்பகலில் தண்ணீர் டிரெய்லரின் சக்கரத்தை மூடியது. மேலே அடிகளும் நாலைந்து ஆண்களும் ஒரு கயிற்றுக்கட்டிலின் நான்கு காலிலும் வடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிலைக் கீழே இறக்கி முத்தழகை அதில் வைத்துத் தூக்குவதாக ஏற்பாடு. அடிகளின் உள்ளங்கை தோலுரிந்து ரத்தம் கசிந்தது. பவளக்கொடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்து நின்றாள்.

மாசிலாமணி எண்ணினார். பழக்கம் விடுமா? வந்த தலைகள், ஏறிய தலைகள். எண்ணி முடித்ததும் நெஞ்சில் கொஞ்சம் தெம்பு வந்தது. அதை அடிகளுக்கும் கொடுக்க நினைத்தார்.

“சாமி” என்றார் பக்கத்தில் போய். “நூத்தி எண்பத்தேழு பேர்ல நூத்தி எண்பத்தாறு பேர் ஏறியாச்சு. அநேகமா முடிஞ்ச மாதிரிதான்.”

பவளக்கொடி திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி கீழே முத்தழகைப் பார்த்தாள்.

முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்த அடிகள் நிமிர்ந்தார். அவர் முகம் கோபத்தில் அப்படிச் சிவந்து மாசிலாமணி பார்த்ததே இல்லை.

“கீழ போங்க” என்றார். “முத்தழகுகிட்டச் சொல்லுங்க அதை.”

மாசிலாமணி ஏணியில் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. தூணைத் தூணாகப் பிடித்துக்கொண்டு டிரெய்லர்வரை போனார். டிரெய்லரின் தளத்துக்கு மேலும் தண்ணீர் ஏறியிருந்தது. முத்தழகு ஒற்றைக் காலை மடக்கி, பக்கக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

“மேல எல்லாம் முடிஞ்சுதாங்கய்யா?”

நூற்று எண்பத்தாறு என்று சொல்ல மாசிலாமணி வாயைத் திறந்தார்.

முத்தழகு காத்திருந்தான்.

மாசிலாமணி டிரெய்லரில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே கட்டிலை விளிம்புக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. அது கீழே வந்து சேரும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.