பாடைக்கு இன்னொரு டேக்

கீழச்செவலூருக்குச் சினிமா எடுக்க வந்தார்கள். காலனியில் செத்தவனின் பாடையைப் பெரிய தெருவில் விடாமல் ஊரார் மறிக்க, பிணம் போக வழியில்லாமல் அலைகிற சிரிப்புப் படம். கதையைக் கேட்ட ஊர்த்தலைவர் திருமேனிநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்க ஊர்ல யாரும் யாரையும் மறிச்சதே கிடையாது. மறிக்கிற மாதிரி எடுத்தா உங்க கேமரா ஊர் எல்லையைத் தாண்டாது."

டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறிக்காவிட்டால் படமே இல்லை. அன்று தாமதமாக வந்த உதவி இயக்குநர் மாசாணம், அதே ஊர்க் காலனிக்காரன், கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஐயா சொல்றதுதான் சரி. பாடை பெரிய தெரு வழியாவே போகட்டும். ஐயா கையால ஒரு மாலையும் போட்டா, உலகமே நம்ம ஊரை மெச்சும்."

தலைவர் ஓடிப்போய்ப் பட்டு வேட்டி கட்டிவந்தார். கொட்டு முழங்க, பொரி இறைத்தபடி பாடை வந்தது. மாலை போட்டார், கும்பிட்டார், துண்டால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். பாடை தெருவைக் கடந்து சுடுகாட்டுப் பக்கம் திரும்பியது.

"மாலை கோணலா விழுந்துட்டு. இன்னொரு தடவை எடுப்போம். பாடையைத் திருப்பிக் கொண்டாரச் சொல்லுலே," என்றார் தலைவர்.

"முடியாதுங்கய்யா," என்றான் மாசாணம். "அவரு நடிகர் இல்லை. எங்க சித்தப்பா. விடியக்காலம் நெசமாவே செத்துட்டாரு."

"ஓடிப்போய் மறிங்கலே," என்று தலைவர் அலறினார்.

கேமராவை யாரும் இன்னும் நிறுத்தவில்லை. டைரக்டர் கேட்ட காட்சி கிடைத்துவிட்டது.