பாக்கெட்டுக்குள் போன கை

எங்கள் ஊர் காமிக்ஸ் ரசிகர் விழாவில், பொழுதுபோக்காக வரைகிற எங்களுக்குப் பிரபல ஓவியர் தயாநிதி வகுப்பெடுத்தார்.

"கை வரையத் தெரியாது. உடனே படத்துல அதைப் பாக்கெட்டுக்குள்ள ஒளிச்சிடுவீங்க. நீங்கள்லாம் ஆர்ட்டிஸ்டா?" என்று சீறியவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ரெஜினாவை எழுந்து நிற்கச் சொன்னார். "என்னை வரைம்மா. கை வரலைன்னா வெளியே போயிடணும்!"

ரெஜினா வரைந்து நீட்டினாள். படத்தில் அவருடைய இரண்டு கைகளும் பேன்ட் பாக்கெட்டில் இருந்தன.

"கை எங்கே?"

"வந்ததுலேருந்து நீங்க வெளியவே எடுக்கலையே சார். எடுத்து, போர்டுல ஒரு கை வரைஞ்சு காட்டுங்க."

நாங்கள் ஆவலாகக் கைதட்டினோம். வேறு வழியில்லாமல் வரைந்தார். எண்ணிப் பார்த்தோம். ஆறு விரல்! அப்போதுதான் புரிந்தது: இத்தனை வருஷமாக உதவியாளர்கள் வரைய, இந்த மனுஷன் கையெழுத்து மட்டும்தான் போட்டிருக்கிறார்.

ரெஜினா மெதுவாகச் சொன்னாள்: "பரவாயில்ல சார், பாக்கெட்டுக்குள்ள விட்டுடுங்க."