தூசியின் ஒரு துணுக்கு

"அம்மா, கண்ணுக்கே தெரியாத பூச்சியை என் உடம்பு எப்படிக் கண்டுபிடிக்குது?"

பதில் வருவதற்குள் இசக்கியப்பனுக்குத் தும்மல் முந்திக்கொண்டது.

குற்றாலத்து மலையடியில் இருந்தது மெய்யம்மையின் மடம். துறவுக்கு முன் அவர் நோயெதிர்ப்பைப் பற்றி ஆராய்ந்த டாக்டர். சீடர் இசக்கியப்பன் அவரைவிட வயதில் மூத்தவர், ஓய்வுபெற்ற தாசில்தார். அதட்டல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அன்று காலை அந்த அதட்டலை மடமே கேட்டது. வருகிறவர்கள் அங்கே நேராக உள்ளே வரமுடியாது. அவர்கள் சொன்னதை வாசல்காரர் பிச்சையா வந்து சொல்லவேண்டும். அதுதான் வழக்கம்.

பிச்சையா மூச்சிரைக்க ஓடிவந்தார். "உங்க தம்பி வந்திருக்காரு. வீட்டு விஷயமா..."

"வீடா? போகச் சொல்லும்!"

அப்பாவின் வீட்டுக்காகச் சண்டை போட்டு, பல வருஷமாகப் பேச்சே இல்லாத தம்பி. இப்போது எதிரே நிழற்குடையில் மதிய பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். ஏறிவிட்டால் இனி இந்தப் பக்கம் வரமாட்டார். அது இசக்கியப்பனுக்கும் தெரியும். தெரிந்துதான் பூச்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உடம்பு அந்தப் பூச்சியைப் பார்த்ததே இல்ல, அண்ணாச்சி" என்றார் மெய்யம்மை.

"பின்னே?"

"பாயிலயும் தலையணையிலயும் இருக்கிற பூச்சி அது. அதோட எச்சம் தூசியோட சேர்ந்து மூக்குக்குள்ள போகும். அங்க ஒரு காவல் செல் இருக்கு. எச்சத்தை முழுங்கி, பொடிப்பொடியா நறுக்கி, ஒரு துணுக்கை வெளியே நீட்டிக் காட்டும்."

"யாருக்கு?"

"டி செல்லுக்கு. உடம்போட படைவீரன் அது. கோடிக்கணக்கில இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு துணுக்குதான் பொருந்தும். தொட்டுப் பார்க்கும். பொருந்துனது முழிச்சுக்கிட்டு சண்டைக்குக் கிளம்பும், அதான் உங்க தும்மல்."

"துணுக்கை மட்டும் வச்சா?"

"அதுக்குக் கிடைக்கிறதே அவ்வளவுதான்."

"அது எதிரியோட துணுக்குன்னு எப்படித் தீர்மானம் பண்ணும்?"

"துணுக்கு அதைச் சொல்லாது, அண்ணாச்சி. காட்டுறவன் பதறிக்கிட்டுக் காட்டுனா எதிரி. அமைதியா காட்டுனா, டி செல்லும் பேசாம இருந்துக்கும்."

இசக்கியப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரியான மடையனா இருக்கானே இந்த டி செல்! நேர்ல போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்தா என்னவாம்?"

"பாவம், அதால முடியாது" என்றார் மெய்யம்மை.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இசக்கியப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். அவரோ ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

இசக்கியப்பன் எழுந்து ஓடினார்.

வாசலில் பிச்சையா மறித்தார். "சார், காலையில நீங்க சத்தம் போட்டதுல நான் மீதியைச் சொல்லவே இல்ல. உங்க தம்பி என்ன சொன்னாருன்னா..."

"நீர் சொல்ல வேண்டாம்!"

அவரை விலக்கிவிட்டு, வெறுங்காலோடு சாலையில் இறங்கினார் இசக்கியப்பன்.